காஃபின் நீக்கிய காப்பித்தூளின் ஆயுள்: தாமிரபரணிக் கரைச் சான்றுகளை முன்வைத்து ஒரு சித்தாந்த விசாரணை

பாயிரம்

அரைத்த காப்பித்தூள் எத்தனை நாள் மணக்கும் என்ற கேள்வியைத் தமிழாய்வுலகம் இதுவரை தீண்டாமல் வைத்திருக்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று தலைப்பிலேயே அடித்துச் சொல்லி, காப்பி நம் வீட்டுக்குள் நுழைந்த கதையை எழுதினார். நுழைந்த காப்பியை எதில் போட்டு மூடுவது என்பதை நம்மைப் போன்றவர்களுக்காக மிச்சம் வைத்தார். புதுமைப்பித்தன் 1943-இல் ஒரு கதையில் கடவுளையே ஓட்டலுக்குக் கூட்டிவந்து காப்பி குடிக்கவைத்தவர். அந்தக் காப்பியில் சிக்கரி கலந்திருந்ததைக் கண்டுபிடித்துச் சொல்லும் அளவுக்கு அவருடைய கந்தசாமிப் பிள்ளைக்கு நாக்கு இருந்தது. ஆனால் தூள் என்றைக்கு அரைத்தது என்று பிள்ளையவர்கள் கேட்கவில்லை. நெல்லை வழி வந்த ஒருவரின் பாத்திரத்திடமிருந்து இந்த அசட்டையை நாம் எதிர்பார்க்கவில்லை.

பாயிரம் என்றால் பதினொரு செய்தி சொல்ல வேண்டும் என்பது இலக்கணம். இங்கே வேண்டியவை மட்டும்: களம், பாளையங்கோட்டையில் ஒரு வீடு. நுதலிய பொருள், அந்த வீட்டிலேயே வறுத்து அரைத்த டிகாஃப் காப்பித்தூள். காலம், ஒரு கத்திரி வெயில் தொடங்கி ஐப்பசி அடைமழை வரை. கேட்போர், யாரும் இல்லை. நிதியுதவி, மாமாவின் பென்ஷன்.

காரணம் மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியது. மாமாவுக்கு நெஞ்சுப் படபடப்பு வந்தது. காப்பியை விட்டுவிடுங்கள் என்றார் மருத்துவர். மருத்துவரை விட்டுவிடலாமா என்று மாமா சில நாள் யோசித்தார். பிறகு வீடு கூடிப் பேசியது. முதல் தீர்மானமாகச் சுக்குக் காப்பி வந்தது. சுக்கு, மல்லி, மிளகு, உடன்குடிக் கருப்பட்டி. இதில் காப்பி என்பது பெயரளவில்கூடக் கிடையாது, பெயரில் மட்டும்தான் உண்டு. உலகம் டிகாஃப் கண்டுபிடிப்பதற்கு முன்பே இந்தப் பக்கத்துக் கிராமங்களில் டிகாஃப் இருந்தது என்றும், அதைச் சேமிப்பதில் சிக்கலே இல்லை என்றும், சுக்கு வருஷக்கணக்கில் கெடாது என்றும் இவ்வாய்வாளர் எடுத்துரைத்தார். மாமா ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். “கஷாயத்துக்குக் காப்பின்னு பேர் வச்சா நான் குடிச்சிருவேனாக்கும்?”

பெங்களூரிலிருக்கும் மருமகன் காஃபின் நீக்கிய பச்சைக் கொட்டையைப் பார்சலில் அனுப்பிவைக்க, பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

இடைப்பிறவரல்: காஃபின் போன வழி

1819-இல் ஜெர்மானியக் கவிஞர் கெதே, ஃபிரீட்லிப் ரூங்கே என்ற இளம் வேதியியலாளரிடம் கொஞ்சம் காப்பிக்கொட்டையைக் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது பார் என்றார். ரூங்கே பார்த்தார், காஃபின் வந்தது. கவிஞர்கள் வேறு வேலை பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம். அதற்கடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேமன் நகரத்துக் காப்பி வியாபாரி லுட்விக் ரோசேலியஸ், தன் தகப்பனார் செத்ததே காப்பி மிகுதியால்தான் என்று நம்பி, கொட்டையை நீராவியில் ஊதவைத்து பென்சீனால் காஃபினைக் கழுவி எடுக்கும் வழியைக் கண்டார். 1906-இல் அவர் தொடங்கிய கம்பெனிதான் ‘காஃபி ஹாக்’. பென்சீன் புற்றுநோய் தரும் சரக்கு என்பது பின்னால் தெரிந்ததால் அந்த வழி கைவிடப்பட்டது. இன்றைக்கு வேறு கரைப்பான்கள் உண்டு, தண்ணீரும் செயலூட்டிய கரியும் கொண்டு செய்யும் முறை உண்டு. 1960-களில் மியூல்ஹைமில் குர்ட் சோசல் கண்டபடி, கடும் அழுத்தத்தில் வைத்த கரியமிலவாயுவைக் கொண்டு காஃபினை மட்டும் உருவி எடுக்கும் முறையும் உண்டு.

உருவிய காஃபினை வீசியெறிவதில்லை. அதைக் குளிர்பானத்துக்கும் மருந்துக்கும் விற்கிறார்கள். தாத்தாவிடமிருந்து எடுத்தது சுற்றிச் சுற்றிப் பேரன் கையிலிருக்கும் கோலா பாட்டிலில் வந்து சேர்கிறது. மாமா இதைக் கேட்டுப் பேரனை ஒரு பார்வை பார்த்தார்.

ஆய்வுக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். எந்த முறையானாலும் பச்சைக் கொட்டையை முதலில் ஊறவைத்து, உப்பவைத்து, வேண்டாததை எடுத்து, மறுபடி காயவைக்கிறார்கள். அடுப்புக்கு வருமுன்பே ஒரு பாடு பட்டு வந்த கொட்டை அது. சாதாரணப் பச்சைக் கொட்டை சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும். இது வரும்போதே பழுப்பாக இருக்கிறது. நிறம் பார்த்து வறுக்கிறவர்கள் ஏமாறுவார்கள். இரும்பு வாணலியில் போட்டால் மேல்தோல் அதிகம் பறக்காது. வெடிக்கும் சத்தமும் அடங்கித்தான் கேட்கும். மற்றக் கொட்டை பளபளப்பதற்கு ரொம்ப முன்னாலேயே இதன் மேல் எண்ணெய் கசிந்துவிடும். அத்தை கண்ணை நம்பாமல் மூக்கை நம்பினாள். ரொட்டி சுடும் வாசனை போய், சர்க்கரை கருகுகிற வாசனை தொடங்குகிற அந்த நொடியில் வாணலியை இறக்கி, முறத்தில் கொட்டி, ஃபேனுக்கடியில் வைத்துப் புடைத்தாள். ஜன்னல் கட்டையில் திருகி மாட்டுகிற பழைய கை மிஷின் பரணிலிருந்து இறங்கிவந்தது. அரைக்க அரைக்கத் தெருவே மணந்தது. எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலுக்கு வந்து, “என்ன, விசேஷமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த மணம்தான் இக்கட்டுரையின் துயரம் என்பது பின்னால் விளங்கும்.

பரபக்கம்

சைவ சித்தாந்த நூல்களில் பிறர் கொள்கையை முதலில் எடுத்துச்சொல்லி மறுப்பதைப் பரபக்கம் என்பார்கள், தன் கொள்கையை நிறுவுவதைச் சுபக்கம் என்பார்கள். திருநெல்வேலியில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல சட்டகம் கிடைக்காது. காப்பித்தூளைக் காப்பாற்றுவதில் இந்த வட்டாரத்தில் நிலவும் மதங்கள் ஐந்து.

முதலாவது எவர்சில்வர் மதம். சம்படத்தில் போட்டு, வாயில் ஒரு பாலித்தீன் தாளை வைத்து, அதன்மேல் மூடியை அழுத்தினால் காற்றுப் புகாது என்பது கொள்கை. வெளிச்சம் புகாது என்பது உண்மை. காற்று விஷயத்தில் சம்பட மூடி ஒரு மரியாதைக்கு மூடிக்கொண்டிருக்கிறதே தவிர, உள்ளே போகிறவர்களைத் தடுப்பதில்லை. மேலும் சம்படம் அடுப்பு மேடையிலேயே இருக்கும், பால் பொங்குகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி.

இரண்டாவது ஹார்லிக்ஸ் பாட்டில் மதம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கம் ஹார்லிக்ஸ் வாங்கியது குடிப்பதற்கா, பாட்டிலுக்கா என்பது தனி ஆய்வுக்குரியது. கண்ணாடி எந்த வாசனையையும் உறிஞ்சாது. திருகுமூடி சம்படத்தைவிட எவ்வளவோ தேவலை. குறை, உள்ளே இருப்பது தெரியும். தூளுக்கு வெளிச்சம் ஆகாது என்பது ஒன்று. தெரிகிற பொருளை வீட்டில் எல்லோரும் திறப்பார்கள் என்பது அதைவிடப் பெரிது.

மூன்றாவது ஃபிரிட்ஜ் மதம். குளிர்ந்தால் கெடாது என்ற பொது நம்பிக்கையிலிருந்து பிறந்தது. இதை நாம் களத்தில் சோதித்தோம். சோதனையின்போது அதே ஃபிரிட்ஜில் முந்தைய நாள் மீன்குழம்பும், வெள்ளிக்கிழமைக்கு வாங்கிய பிச்சிப்பூவும் இருந்தன. வறுத்த காப்பி பக்கத்து வாசனையை வாங்கிக்கொள்ளும். பெருங்காயம் காலியான டப்பாவிலும் வாசனை போகாது என்பதைத் தமிழன் பழமொழியாகவே வைத்திருக்கிறான். அந்த டப்பாவில் காப்பித்தூளைப் போட்டுப் பார்த்தவன் சொன்னதாகத்தான் இருக்கும். மறுநாள் காலை மாமா முதல் மடக்கில் பூவைக் கண்டார், இரண்டாவதில் மீனைக் கண்டார். அதோடு, குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறந்ததும் அடுக்களைக் காற்றிலிருக்கும் ஈரம் தூளின் மேல் பனித்து இறங்கும். ஒவ்வொரு காலையும் தூளுக்கு ஒரு குளியல்.

ஃபிரீசர் இந்த மதத்தின் கிளைப்பிரிவு. அதை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. அரைக்காத கொட்டையைச் சிறுசிறு பொட்டலமாகக் காற்றில்லாமல் கட்டி, ஒரு பொட்டலத்தை எடுத்தால் திரும்ப உள்ளே வைக்காமல் முடிக்கிறவர்களுக்கு ஃபிரீசர் உண்மையிலேயே உதவும். உறைந்த கொட்டை சீரான துகளாக அரைபடும் என்று 2016-இல் வந்த ஓர் ஆய்வும் காட்டியிருக்கிறது. ஆனால் ‘எடுத்தால் திரும்ப வைக்கக்கூடாது’ என்ற விதியை ஒரு கூட்டுக்குடும்பத்தில் அமல்படுத்துவது யார்?

நான்காவது பரண் மதம். இது கருப்பட்டியிலிருந்து வந்த குழப்பம். கருப்பட்டி மழைக்காலத்தில் கசியும், ஆகவே அடுப்புப் புகையும் சூடும் படுகிற மாதிரிப் பானையில் போட்டு மேலே வைப்பது பழைய வழக்கம். கருப்பட்டிக்கு நல்லது காப்பிக்கும் நல்லது என்று ஆச்சி காலத்தில் நினைத்துவிட்டார்கள். ஒன்றுக்கு மருந்தான சூடு இன்னொன்றுக்கு எமன்.

ஐந்தாவது தாழி மதம். இதை இவ்வாய்வாளரே முன்மொழிந்தார் என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம். பொருளை மூடிவைப்பதில் தாமிரபரணிக் கரைக்கு உள்ள அனுபவம் வேறெந்த ஆற்றங்கரைக்கும் குறைந்ததல்ல. ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876-இல் ஜெர்மனிக்காரர் ஜாகோரும், பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயும் தோண்டத் தோண்டத் தாழிகள் வந்தன. பக்கத்தில் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் உமியைக் கரிமப் பகுப்பாய்வுக்கு அனுப்பியதில் கி.மு. 1155 என்று முடிவு வந்ததாக 2021-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். சுமார் 3,200 ஆண்டு நெல்லைக் காத்த மண்பாண்டம், மாமாவின் காப்பித்தூளை மூன்று வாரம் காக்காதா? இதுதான் நம் வாதம்.

மறுப்பு இரண்டு. ஒன்று, அந்த நெல் இருந்தது என்றுதான் அறிவித்தார்களே தவிர, மணந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. இரண்டு, மண்பாண்டம் சுவாசிக்கும். காருக்குறிச்சிப் பானையில் தண்ணீர் குளிர்வதே அதன் சுவர் வழியே ஈரம் வெளியேறுவதால்தான். வெளியேறத் தெரிந்தது உள்ளே வரவும் தெரிந்ததாக இருக்கும். மூன்றாவது மறுப்பு அத்தையுடையது. “சவத்த வைக்கதுலயா காப்பித்தூள வைக்கச் சொல்லுத?” நெல்லையில் ‘சவம்’ என்ற வசவு விழாத வீடு கிடையாது, அன்றைக்குத்தான் அது வசவாக இல்லாமல் தொல்லியலாக விழுந்தது.

மும்மல விளக்கம்

ஐந்து மதங்களும் தோற்பதற்குக் காரணம், எதிரி யார் என்று தெரியாமல் கோட்டை கட்டியதுதான். சித்தாந்தம் உயிரைப் பிடித்த குற்றங்களை ஆணவம், கன்மம், மாயை என்று மூன்றாகச் சொல்கிறது. வறுத்த காப்பிக்கும் மூன்று.

காற்று ஆணவம். அது அநாதி. டப்பாவைக் கழுத்துவரை நிரப்பினாலும் மேலே கொஞ்சம் இருக்கும். தூள் குறையக் குறைய அது கூடும். அராபிகாக் கொட்டையில் ஏறத்தாழ 15 சதவீதம் எண்ணெய். அந்த எண்ணெயில் பிராணவாயு பட்டால் காறல் வாடை வரும், பழைய முறுக்கில் வருவது போல. வெப்பம் கன்மம், செய்ததற்கேற்பச் சேரும். பத்து டிகிரி ஏறினால் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலின் நாட்டுக்கணக்கு. கத்திரியில் பாளையங்கோட்டை 40 டிகிரியைத் தொடும் நாளும் உண்டு என்பதை இதோடு சேர்த்துப் படிக்கவும். ஈரம் மாயை. ஐப்பசியில் வந்து தூளைக் கட்டியாக்கிவிட்டுப் போகும். மலம் ஐந்து என்று கணக்கிடுவாரும் சித்தாந்தத்தில் உண்டு. அவர்களுக்காக வெளிச்சத்தையும் பக்கத்து வாசனையையும் சேர்த்துக்கொள்ளலாம். மலம் நீங்காமலே விற்கிற காப்பி ஒன்றும் உலகில் இருக்கிறது. புனுகுப்பூனை தின்று கழித்த கொட்டையைப் பொறுக்கிக் கழுவி வறுப்பார்கள், குடகில்கூடக் கிடைக்கிறது. அது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. வரவும் வேண்டாம்.

கொட்டைக்கு இயல்பிலேயே ஒரு காவலும் உண்டு. வறுக்கும்போது உள்ளே உண்டாகும் கரியமிலவாயு, ஒரு கிலோவுக்குப் பல லிட்டர், சில நாள் வரை மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும். அப்படி வந்துகொண்டிருக்கும்வரை காற்றை உள்ளே விடாது. வறுத்த அன்றைக்கே அடைத்த பாட்டிலைத் திறந்தால் ‘புஸ்’ என்கிறதே, அந்தக் காவலாளி விடுகிற மூச்சு அது. கடைப் பாக்கெட்டில் ஒரு பொத்தான் மாதிரி பதித்திருக்கும் ஒருவழி வால்வும் இதற்காகத்தான். உள்ளிருக்கும் வாயு வெளியே போகலாம், வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது.

தூள் புதிதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம், வீட்டு ஃபில்டரே போதும். மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு, லேசாக அமுக்கி, குடையை வைக்காமல் கொதிநீரைச் சுற்றி ஊற்றிப் பாருங்கள். புதுத் தூள் உடனே பொங்கி எழும்பும். நடுவில் குமிழ் வெடித்து, நுரை விளிம்புவரை வந்து, தண்ணீரை உள்ளே வாங்கவே மறுக்கும். பழைய தூள் ஒரு பேச்சும் பேசாமல் நனையும். டிகாஷன் மளமளவென்று இறங்கிவிடும். சீக்கிரம் இறங்குகிறதே என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு.

டிகாஃப் கொட்டைக்கு இந்தக் காவல் குறைவு. ஏற்கெனவே ஊறி, உப்பி, காய்ந்து நொய்ந்துபோன உடம்பு. வாயுவைப் பிடித்துவைக்கும் திராணி அதற்கில்லை. மற்றக் கொட்டையைவிடச் சீக்கிரம் வாயுவை விட்டுவிடும், எண்ணெயைத் தானே வெளியே கொண்டுவந்து காற்றுக்குக் காட்டும். அரைத்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். கொட்டையாக இரண்டு மூன்று வாரம் தாங்குவது, தூளானபின் சில நாளிலேயே சோர்ந்துவிடும்.

சிக்கரி பற்றி ஒரு வார்த்தை. சிக்கரியில் காஃபின் அறவே இல்லை. காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது நம் நாட்டு விதி. அப்படியானால் மீதி 49 வரை சிக்கரி இருக்கலாம். கடைத் தூள் குடிக்கிற ஒவ்வொரு தமிழரும் தன்னையறியாமல் பாதி டிகாஃப்காரர் என்பது இதிலிருந்து கிடைக்கும் உபரி முடிவு. மருத்துவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தார் மாமா, வாதம் எடுபடவில்லை. சேமிப்பைப் பொறுத்தவரை சிக்கரி ஈரத்தைத் தேடிப்போய் இழுக்கும், மழைக்காலத்தில் டப்பாவையே கல்லாக்கும். கலந்து வைக்காதீர்கள். தனித்தனியே வைத்து, ஃபில்டரில் போடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையில் நடைமுறைக்கு உதவக்கூடிய வாக்கியங்கள் குறைவு, இது அவற்றில் ஒன்று.

சுபக்கம்

இனி நம் கொள்கை. காப்பித்தூளின் ஆயுளைத் தீர்மானிப்பது கலம் அல்ல, திறப்பு.

காப்பியின் மணத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆவிப்பொருள்கள் உண்டு. அவற்றில் புதுமைக்கு அடையாளமாக வேதியியலார் அளப்பது மெத்தேன்தயால் என்ற ஒன்றை. தனியே முகர்ந்தால் அது அழுகிய முட்டைக்கோஸ் நாறும். காப்பிக்குள் இருக்கும்போது மட்டும் ‘இப்போதுதான் அரைத்தது’ என்று சொல்லும். அதன் கொதிநிலை 6 டிகிரி செல்சியஸ். திருநெல்வேலியின் மார்கழி விடியல்கூட அதற்குக் கொதிக்கிற வெயில். அது ஓடாமலிருக்க மூடி ஒன்றுதான் வழி. அந்த மூடியைத்தான் வீட்டில் ஆளுக்கொரு தரம் திறந்து, மூக்கை உள்ளே விட்டு, ஆஹா என்று கண்ணை மூடுகிறார்கள். அடுக்களையில் மணக்கிற ஒவ்வொரு துளியும் டம்ளரில் மணக்காது. மணத்தைக் கணக்கில் வரவு வைக்கிறோம், அது செலவு. முதல் நாள் தெரு மணந்ததே, அன்றைக்கே முதலில் பாதி போயிற்று.

அத்தை இதைப் பதினாறு பக்கம் எழுதாமலே அறிந்திருந்தாள். டப்பாவோடு நின்ற பேரனிடம், “மூடியத் தொறந்து தொறந்து மோந்து பாத்தா வாசன எங்கல இருக்கும்?” என்றாள். இந்த ஆய்வின் மையக் கருதுகோள் இதுவே. பின்னால் வருவதெல்லாம் உரை.

திறப்பு எத்தனை முறை என்பது எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது. எத்தனை நாள் என்பது எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. இங்கேதான் டிகாஃபின் தலையெழுத்து புலப்படுகிறது. ஒரு டம்ளருக்குப் பத்து கிராம் தூள் என்று வையுங்கள். அரைக் கிலோ சாதாரணத் தூளை, வீட்டில் ஐந்து பேர் இரண்டு வேளையும் குடித்தால் ஐந்தே நாளில் டப்பா காலி. எவர்சில்வர் ஆனாலும் ஹார்லிக்ஸ் பாட்டில் ஆனாலும் காகிதப் பொட்டலமே ஆனாலும், கெடுவதற்குத் தூள் மிஞ்சாது. அதே அரைக் கிலோ டிகாஃபை மாமா ஒருவர் குடித்தால் இருபத்தைந்து நாள். கொட்டைகளிலேயே சீக்கிரம் கெடுகிற கொட்டை, குடிப்பவர்களிலேயே தனியாகக் குடிக்கிறவரிடம் போய் மாட்டுகிறது. டிகாஃபில் ருசியில்லை என்று ஊரெல்லாம் சொல்வதற்குப் பழியைக் காஃபின் மேல் போடுகிறார்கள். காஃபினுக்கு லேசான கசப்பைத் தவிர வேறு ருசி கிடையாது. பெரும்பாலான வீடுகளில் டிகாஃப் ருசிக்காததற்குக் காரணம், டப்பா திறந்து இருபதாவது நாளில் குடிக்கிறார்கள் என்பதுதான்.

இந்தக் கணக்கிலிருந்து இயல்பாக விளையும் பரிந்துரை, கொஞ்சமாக வறு என்பது. பச்சைக் கொட்டையைக் காற்றோட்டமான நிழலில் துணிப்பையில் போட்டு மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். நூறு கிராம் வறுத்தால் ஈரம் போக எண்பத்தைந்து தேறும், மாமாவுக்கு நான்கு நாள். ஒரு நாள் ஆறவிட்டு, கொட்டையாகவே சின்னக் கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, இருட்டான அலமாரியின் கீழ்த்தட்டில், அடுப்புக்கு எதிர்ச்சுவரில் வைத்து, அன்றன்றைக்கு அரைத்தால் இதைவிட நல்ல முறை உலகில் இல்லை. பெரிய பாட்டிலில் பாதி வைப்பதைவிடச் சின்ன பாட்டிலில் முழுக்க வைப்பது மேல்.

பரிந்துரையைப் படித்துக் காட்டியதும் அத்தை கேட்ட கேள்விக்கு ஆய்வில் விடை இல்லை. நாலு நாளைக்கு ஒரு தடவை வாணலியைப் போட்டுப் புகைய விட்டு, முறத்தைக் கழுவி, மிஷினைத் துடைத்து, ஒரு மனுஷனுக்காகக் காப்பிக்கொட்டை வறுக்க இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? வறுப்பது ஆய்வாளர் என்றால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னாள். ஆய்வாளர் கணக்கை மறுபடி போட்டார்.

அரைக் கிலோவையே ஒரு வாரத்தில் முடிப்பது எப்படி என்று கேள்வியைத் திருப்பிப் போட்டால் விடை எளிது. குடிக்கிற தலைகளைக் கூட்ட வேண்டும். சாயங்காலக் காப்பியை வீடு மொத்தத்துக்கும் டிகாஃபாக மாற்றினால் ஐம்பது கிராம், மாமாவின் காலைக் காப்பி பத்து, ஆக நாளொன்றுக்கு அறுபது. அரைக் கிலோ எட்டு நாளைக்குக் கொஞ்சம் மேலே வரும். ஏழுக்குள் முடிந்தால் தேவலை. தினமும் ஐந்து மணிக்கு ‘இந்து’ பேப்பரைக் கேட்டு வந்து, பேப்பரோடு ஒரு டம்ளர் காப்பியும் குடித்துவிட்டுப் போகிற எதிர்வீட்டு அண்ணாச்சியைச் சேர்த்தால் எழுபது கிராம். ஏறக்குறைய ஏழு நாள். வால்வும் வேண்டாம், வாக்குவமும் வேண்டாம். காப்பித்தூளைப் புதிதாக வைத்திருப்பதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் ஆகச்சிறந்த சாதனம் எதிர்வீட்டுக்காரர்தான் என்று இக்கட்டுரை நிறுவுகிறது.

சாதாரணத் தூளும் டிகாஃப் தூளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மாறிப்போகும் ஆபத்து உண்டு. ஆகவே டிகாஃப் பாட்டிலின் மூடிக்கடியில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட். சாயங்காலக் காப்பி மாறியதை அத்தை வீட்டில் மற்ற யாருக்கும் சொல்லவில்லை. ஃபில்டரின் அடிப்பாத்திரத்தில் இறங்கிய டிகாஷனில் பால் ஊற்றி ஆற்றிக் கொடுக்கும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியவுமில்லை. புதிதாக வறுத்தது அல்லவா? ‘இன்னைக்குக் காப்பி பிரமாதம்’ என்று மகனே இரண்டாவது டம்ளர் கேட்டான். மாமா மட்டும் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு திருப்தியாகத் தன் டம்ளரைக் காலிசெய்தார்.

பக்கவிளைவு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். எதிர்வீட்டு அண்ணாச்சிக்குப் பல வருஷமாக ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் கண் அசரும். இப்போது பத்து மணிக்கெல்லாம் குறட்டைச் சத்தம் தெருவுக்குக் கேட்கிறது. கேட்டால், கோவில்பட்டியிலிருந்து புது இலவம்பஞ்சுத் தலையணை வாங்கி வந்ததாகவும், எல்லாம் அதன் மகிமை என்றும் சொல்கிறார். ஆய்வாளரையும் ஒன்று வாங்கச் சொல்லி வற்புறுத்துகிறார். அவருடைய முடிவை மறுக்கச் சான்றுகள் நம்மிடம் கிலோ கணக்கில் இருக்கின்றன. வெளியிட அத்தையின் அனுமதி இன்னும் கிடைக்கவில்லை.